குளிர் முன்னணியா, குளிர்முகமா?

சித்திரை பிறந்தால் டர்பனில் எங்களுக்கு இலையுதிர்காலம். தேசிய வானிலை முன்னறிவிப்பைத் தமிழில் வாசிக்கும்போது, 'கேப் டவுனைக் குளிர் முன்னணி நெருங்குகிறது' என்ற வரி இந்த வாரத்தில் நான்காவது முறையாக என் காதில் விழுந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என்னோடு கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆயா, "மறுபடியும் தேர்தலா, தம்பி?" என்றார். அவர் மேல் பிழையில்லை.

'குளிர் முன்னணி' என்பது ஆங்கிலத்தின் 'கோல்ட் ஃப்ரண்ட்' என்பதற்குச் செய்த தமிழாக்கம். அந்த 'ஃப்ரண்ட்', நெற்றியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து போர்க்களத்துக்குப் போனது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, நார்வேயின் பெர்கன் நகரத்து வானிலை அறிஞர்கள் அதை வானத்துக்கு ஏற்றினார்கள்.

முன்னணி என்பது முன்னே செல்லும் அணி, அதாவது படையின் ஒரு பகுதி. வானிலைப் படத்தில் முக்கோணப் பற்கள் கொண்ட நீலக் கோடாக வரையப்படுவதோ படையன்று, இரண்டு காற்றுத்திரள்கள் முட்டிக்கொள்ளும் எல்லை. கனத்த குளிர்காற்று வெப்பக்காற்றின் அடியில் ஆப்புபோல நுழைந்து அதை மேலே தூக்க, ஏறிய ஈரம் குளிர்ந்து மழையாகிறது. 'முன்னால் வருவதால் முன்னணி' என்று வாதிடுவோர் ஒருமுறை டர்பனில் இருந்து பார்க்க வேண்டும். தென்மேற்கிலிருந்து குளிர் வந்து சேரும் முன்பு, உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் வறண்ட மலைக்காற்று நண்பகலை அடுப்பாக்கிவிடும். இங்கே முன்னால் வருவது வெக்கையே. குளிரும் தூறலும் அதன் பின்னால்தான் வருகின்றன.

'குளிர்முனை' என்பாரும் உண்டு. போர்முனையை நினைத்தால் அது மூலத்துக்கு மிக நெருக்கமான சொல்தான். ஆனால் நன்னம்பிக்கை முனை இருக்கும் நாட்டில், 'முனையைக் குளிர்முனை தாக்கும்' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். 'குளிர் அலை' வேறு பொருள்: அது நாள்கணக்கில் நீடிக்கும் கடுங்குளிர், இந்த எல்லையோ சில மணி நேரத்தில் ஊரைக் கடந்துவிடும்.

ஆகவே குளிர்முகம் என்பதே என் தேர்வு. போர்முகம் நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்குமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். இரண்டு நீர் கூடுமிடம் முகமானால், இரண்டு காற்று கூடுமிடமும் முகமே. ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்கவில்லை.

அகராதியில் முதலில் கண்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது. இரண்டு மூன்று நாளுக்கான முன்னறிவிப்பை 'குறுகிய தூர முன்னறிவிப்பு' என்று, காலத்தைத் தூரமாக்கியவர்களும் இவர்களே. நேற்று ஒருவர் தென்மேற்குக் காற்றைத் 'தென்றல்' என்றே எழுதிவிட்டார். அந்தத் தென்றல்தான் மாலையில் ஆயாவின் கொடியிலிருந்த சேலையை வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டது.