சோம்பேறிக் குழந்தை என்று ஒன்று கிடையாது

"ஒன்பது மாசம் ஆச்சு, தவழவே மாட்டேங்குறான். குப்புறப் போட்டா அழறான். சோம்பேறி டாக்டர் இவன்."

இயன்முறை சிகிச்சைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லாத வாரமே இல்லை. ஒன்பது மாதத்தில் தவழாததே பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. தவழாமலேயே எழுந்து நடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. அதை விடுங்கள். குழந்தை கையை நீட்டுவதற்குள் பொம்மை கைக்கு வந்துவிடுகிறது. முனகுவதற்குள் யாராவது தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் எதற்காக அது மெனக்கெட வேண்டும்?

முனகல் வேறு, அழுகை வேறு. முக்கும், முகம் சிவக்கும், எரிச்சலோடு உறுமும். இவ்வளவும் முயற்சியின் சத்தம். பாய்ந்து போகாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். தலையைத் தரையில் போட்டு வீறிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள்.

மெத்தை வேண்டாம், அமுங்கும். தரையில் கெட்டியான விரிப்பு போதும். குப்புற விட்டு, உருளாத பொம்மையொன்றை விரல்நுனிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். ஒரு கையில் எடையை ஊன்றினால்தான் மறு கை நீளும். தவழ்வதற்கு அடிப்படை அதுதான். திணறினால் பாதத்துக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை அசையாமல் வையுங்கள். நீங்கள் தள்ளாதீர்கள், அது உதைத்து நகரட்டும். எட்டிப் பிடித்ததும் பொம்மை அதற்குத்தான், ஆசைதீரச் சப்பட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று பின்னால் இழுத்துக்கொண்டே போகிறீர்களே, உங்களுக்குத்தான் முதல் குட்டு! இரண்டு முறை ஏமாந்த குழந்தை மூன்றாம் முறை கையே நீட்டாது.

நகரத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும்போது நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புற இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். மூன்று நான்கு நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பால் குடித்த கையோடு வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

வாக்கர் வாங்கியிருந்தால் தயவுசெய்து ஒழித்துவிடுங்கள். அது நடை கற்றுத்தராது, படியில் உருட்டிவிடும். கனடா 2004லேயே தடை செய்துவிட்டது. வாக்கர் இல்லாமலும் பிள்ளை விழத்தான் செய்யும்: நடை பழகும் பிள்ளை மணிக்குச் சராசரியாக 17 முறை விழுந்ததாக 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொன்றுக்கும் "ஐயோ" என்று அலறினால் நம் அலறலுக்குத்தான் அது அழும்.

ஆனால் நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, 18 மாதமாகியும் நடக்கவில்லை, கற்றதை மறக்கிறது: இவற்றில் எது இருந்தாலும் பொம்மையை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்ததென்றால் வயதை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.