திங்கட்கிழமை வயிற்றுவலி

அந்த அம்மா மஞ்சள் பையை அப்படியே என் மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு வயிற்று ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி, கத்தை ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பூச்சி மருந்துச் சீட்டு. கூடவே ஒரு திருநீற்றுப் பொட்டலமும் விழுந்தது.

"எல்லாம் நார்மல்னுதான் சொல்றாங்க சார். ஆனா திங்கக்கிழமை விடிஞ்சா வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடறா."

பத்தாம் வகுப்பு மாணவி. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "வலி ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடுமாம்மா?" என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு சார். பையில புக்கு அடுக்குறப்ப."

மீதி மெதுவாக வந்தது. இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும்போது ஒருநாள் குரல் உடைந்திருக்கிறது, பின்வரிசை சிரித்திருக்கிறது. அதிலிருந்து தன் முறை வருகிறது என்றாலே நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வேர்வை. எட்டு மாதமாக இப்படி. வலி நடிப்பில்லை. மூளையும் குடலும் நரம்புகள் வழியே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. பயம் வந்தால் குடலின் அசைவே மாறும். அது ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். அவளுக்கு இருந்தது சமூகப் பதற்றக் கோளாறு: நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற தீராத பயம்.

இப்படி எத்தனை பிள்ளைகள்? பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் ஏறத்தாழ 98 லட்சம் பேர். பெருநகரங்களில் மட்டும் 13.5 சதவீதம். உலக சுகாதார நிறுவனமோ 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவர் என்கிறது. நாற்பத்தைந்து பேர் உட்காரும் வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிம்ஹான்ஸின் 7.3 சதவீதக் கணக்கில் மூன்று பேர், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு பேர். வயது வரம்பும் கணக்கெடுத்த முறையும் வேறு என்பதால் எண்கள் வேறுபடுகின்றன. எனக்கு மூன்றே அதிகம்தான். எந்த ஆசிரியரைக் கேட்டாலும் "எங்க கிளாஸ்ல அப்படி யாரும் இல்ல சார்" என்பார்.

காரணம், இந்த வயதில் நோய் மாறுவேடத்தில் வருகிறது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் அழுகை, சோகம். பதின்வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாக வரும். கதவை அறைந்து சாத்துகிற பையனை வீட்டில் "திமிர்" என்பார்கள், பள்ளியில் "ஒழுக்கம் சரியில்லை" என்பார்கள். யாரும் "இவனுக்கு உடம்புக்கு ஏதோ" என்று சொல்வதில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் ஒருவனைக் கூட்டிவந்த அப்பா, உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "எல்லாத்துக்கும் அந்தப் போன்தான் டாக்டர்." சரி, எப்போதிலிருந்து? ராத்திரி இரண்டு மணிவரை போன் பார்ப்பது ஆகஸ்டில்தான் தொடங்கியிருக்கிறது. கிரிக்கெட் விளையாடப் போவதை ஜூனிலேயே நிறுத்திவிட்டான். ஜூலையில் சாப்பாடு பாதியாகியிருக்கிறது. அவன் விஷயத்தில் போன் கடைசியாக வந்து சேர்ந்தது, தூக்கம் வராத ராத்திரிக்குத் துணையாக. போனால் கெடும் பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் வந்தது என்று கேட்காமல் போனைப் பிடுங்காதீர்கள்.

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டபின் பல பிள்ளைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அழுவதைத்தான் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்று பதில் வந்தால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம், தனியே விடவும் வேண்டாம்; அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். நடுராத்திரி என்றாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை எழுதவில்லை. அம்மாவுக்கு அதில்தான் பெரிய நிம்மதி. "நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வர்றப்ப..." என்று இழுத்தார். மாத்திரை தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பாதிதான் காதில் விழுந்திருக்கும். இவளுக்கு வேலை வேறு. முதலில் என் அறையில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். பிறகு இரண்டு தோழிகள் முன்னால், பிறகு ஆசிரியர் முன்னால், கடைசியில் வகுப்பில். படபடப்பு ஏறும், ஓடாமல் நின்றால் தானே இறங்கும். அதை அவள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

நாலு மாதம் கழித்து வந்தாள். போன மாதம் எத்தனை திங்கட்கிழமை லீவு என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் சார். ஆனா அன்னிக்கு நெஜமாவே காய்ச்சல்."