வெல்டிங் மெஷினுக்கு எத்தனை ஸ்கொயர் ஒயர்?

கையில் தூக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களின் விலை இறங்கியதிலிருந்து, கதவுக் கீலையும் மாடித் தோட்டத்து ஸ்டாண்டையும் தாமே பற்றவைத்துக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு மகிழ்ச்சி தரும் மாற்றம் இது. ஆனால் மெஷினை நாலு கடை ஏறி விசாரித்து வாங்குகிறவர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரைப் பற்றிக் கேட்பதே இல்லை. கார் ஷெட்டில் பெரும்பாலும் பவர் பிளக் இருக்காது. டிவிக்கோ டேபிள் ஃபேனுக்கோ வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, வீட்டுக்குள்ளிருந்து இழுத்துவிடுகிறார்கள். தீ விபத்துக்கான வாய்ப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மெஷின் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்ப்போம். கடைகளில் 10 கேஜ் என்று கேட்டு வாங்கும் 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடுக்கு 100 ஆம்பியர் வைக்கிறோம் என்று கொள்வோம். அந்த நேரத்தில் ராடுக்கும் இரும்புக்கும் இடையே எரியும் வில்லில் சுமார் 24 வோல்ட் இருக்கும். ஆக வில்லில் செலவாவது 2,400 வாட். மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதம்தான் வில்லுக்குப் போகிறது என்றால் சுவரிலிருந்து 3,000 வாட் வர வேண்டும். இதை 230-ஆல் வகுத்து 13 ஆம்பியர் என்று முடித்துவிடக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கான பெரும்பாலான மெஷின்கள் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், மின்னழுத்தம் உச்சம் தொடும் வேளையில் மட்டும் சட்டென்று இழுத்துக்கொள்கின்றன. அதனால், இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு பயனாகிறது என்பதைச் சொல்லும் திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.7 அளவில்தான் நிற்கும். 13-ஐ அந்த 0.7-ஆல் வகுத்தால் ஒயரில் ஓடுவது 18 ஆம்பியரைத் தாண்டும். கணக்குக்கு 18 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒயரும் ஒரு மின்தடைதான். 1 ஸ்கொயர் செம்பு ஒயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு கொண்டது, கிலோமீட்டருக்குச் சுமார் 19.5 ஓம் தடை தரும். 2.5 ஸ்கொயரில் அது 8 ஓம். 4 ஸ்கொயரில் 5 ஓம். ஷெட் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்பும் தொலைவு 40 மீட்டர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1 ஸ்கொயரில் 18 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 14 வோல்ட் தொலைகிறது. 2.5 ஸ்கொயரில் 6 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 4 ஸ்கொயரில் மூன்றரை.

தொலைந்த வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்த வெப்பம் ஏறுகிறது என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1841-இல் வெளியிட்டார். அந்த விதிப்படி 1 ஸ்கொயர் ஒயருக்குள் பிறப்பது 250 வாட். 4 ஸ்கொயரில் 65 வாட்டுக்கும் குறைவு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். செம்பு சூடேறினால் அதன் தடையும், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 4 சதவீதம், கூடுகிறது.

கோடைக்கால மாலையில் மின்னழுத்தம் 205-க்கு இறங்கும் ஊரில் இந்த 14 வோல்ட் இழப்பு இன்னும் மோசம். இன்வெர்ட்டர் மெஷின் வில்லின் மின்னோட்டத்தைக் குறையவிடாமல் பிடித்து வைக்கும் குணமுள்ளது. உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியர் இழுத்து ஈடுகட்டும். இழுக்க இழுக்க ஒயரில் இழப்பு கூடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் வில் பலவீனமாகி ராடு ஒட்டிக்கொள்ளும். உடனே குமிழைத் திருகி ஆம்பியரைக் கூட்டுவார்கள். இரண்டு வழியிலும் அடி வாங்குவது ஒயர்தான்.

எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச், காப்பாற்றும் என்று நம்புவது பெரிய பிழை. அது சுவருக்குள் ஓடும் ஒயரின் அளவைப் பார்த்துப் போடப்பட்டது. 20 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரை நாள் முழுக்க விடும். 22 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வெளியே நீங்கள் மாட்டிய மெல்லிய ஒயர் உருகுவது அதற்குத் தெரியாது.

ஒயரைச் சுருளாக வைத்தபடி பயன்படுத்தாதீர்கள் என்பதற்குப் பலர் சுருளின் காந்தப்புலத்தால் வரும் மின்தூண்டல்தான் காரணம் என்கிறார்கள். அது சரியல்ல. ஒரே உறைக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிரெதிர் திசையில் ஓடுவதால், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உண்மையான காரணம் வெப்பம். 20 மீட்டர் நீளத்தில் காற்றுக்குப் போக வேண்டியது ஒரே சுருளுக்குள் அடைபடுகிறது; நடுவில் இருக்கும் சுற்றுகள் முதலில் இளகும்.

எனவே 10 மீட்டர் வரை 2.5 ஸ்கொயர் போதும். 20, 30 மீட்டர் என்றால் 4 ஸ்கொயர் வாங்குங்கள். மூன்று கோர் (எர்த்தையும் சேர்த்து உள்ளே மூன்று ஒயர்), ஐஎஸ்ஐ முத்திரை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினிய ஒயரும் சந்தையில் உண்டு. அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொறி தெறிக்கும் இடத்துக்கு பிவிசியைவிட ரப்பர் உறை நல்லது.

4 ஸ்கொயர் சாதாரண பிளக் டாப்பின் திருகுக்குள் எளிதில் அடங்காது. சிலர் பாதி இழைகளை நறுக்கிவிட்டு நுழைப்பார்கள். தடித்த ஒயருக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு சென்டிமீட்டரில் வீணாகிறது. ஏசிக்குப் போடும் 20 ஆம்பியர் மெட்டல் கிளாட் (உலோக உறை கொண்ட) பிளக்கும் சாக்கெட்டும் இதற்குப் பொருத்தம். தளர்ந்த பின்னில் 0.05 ஓம் தடை இருந்தாலே 18 ஆம்பியரில் 16 வாட் வெப்பம்; ஒரு சிறு சால்டரிங் அயர்னுக்குச் சமம்.

பிளக் பக்கத்து ஒயரை நீட்டுவதற்குப் பதிலாக, மெஷினிலிருந்து ராடுக்கும் இரும்புக்கும் போகும் வெல்டிங் கேபிளை நீட்டலாமே என்று கேட்பார்கள். 16 ஸ்கொயர் கேபிளை இரண்டு பக்கமும் 10 மீட்டர் நீட்டினால், 100 ஆம்பியரில் சுமார் இரண்டரை வோல்ட் போகும். இருப்பதே 24 வோல்ட். அதில் பத்தில் ஒரு பங்கு. அதே நீளத்தை 230 வோல்ட் பக்கம் 2.5 ஸ்கொயரில் நீட்டினால் இழப்பு 3 வோல்ட்டுக்குள், ஒன்றேகால் சதவீதம். மின்வாரியம் தொலைதூரத்துக்கு 400 கிலோவோல்ட்டில் அனுப்புவதும் இதே கணக்கால்தான். இழப்பைப் பார்த்தால் பிளக் பக்கம் நீட்டுவதே சரி. ஆனால் 230 வோல்ட் ஒயர் பொறிக்கும் கூர்மையான இரும்புக்கும் நடுவே கிடக்கும் என்பதை மறக்காமல், மெஷினுக்குப் பின்பக்கமாக, மிதிபடாத வழியில் கொண்டுவர வேண்டும்.

எர்த் ஒயரை எக்காரணத்துக்கும் விட்டுவிடக் கூடாது. இது, மெஷினோடு வரும், இரும்பைக் கடித்து வெல்டிங் மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவரும் எர்த் கிளாம்ப்பிலிருந்து வேறானது. கிளாம்ப்பை ஷெட் தூணில் கடிக்கவிட்டு, மேஜைமேல் தனியாகக் கிடக்கும் துண்டைப் பற்றவைத்தால், 100 ஆம்பியரும் திரும்ப ஒரு பாதை தேடும். அந்தத் துண்டின் மேல் எர்த் இணைப்புள்ள டிரில்லிங் மெஷின் சாய்ந்திருந்து, தூணும் எர்த்தோடு தொடர்பில் இருந்தால், அவ்வளவும் டிரில்லிங் மெஷினின் மெல்லிய எர்த் ஒயர் வழியே பாய்ந்து அதை எரித்துவிடும். ஒயர் கருகியது தெரியாமல் அடுத்த முறை அந்த மெஷினைத் தொடுகிறவருக்குப் பாதுகாப்பே இல்லை. கிளாம்ப்பைப் பற்றவைக்கும் துண்டிலேயே, மூட்டுக்கு அருகில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஷெட்டுக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீசியனை வைத்துச் சோதித்த பிறகு முதல் ராடைப் பற்றவையுங்கள்.