படத்தில் பதியாத தூரம்: பறக்கும் தட்டுப் புகைப்படங்களை எடைபோடுவது எப்படி

முக்கோண வடிவ ஊர்திகளை வானில் கண்டதாக பெல்ஜியம் நாட்டில் பலர் கூறிவந்த 1990ஆம் ஆண்டில், பெத்தி ரெஷான் என்ற ஊரிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. கறுத்த முக்கோணம் ஒன்றும், அதன் மூன்று மூலைகளிலும் நடுவிலும் ஒளிரும் விளக்குகளும் மட்டுமே அதில் இருந்தன. அந்தப் படத்தை ஆராய்ந்தவர்களில் சிலர் அதில் ஏமாற்று வேலைக்கான தடயம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்கள்; உலகெங்கும் வெளியான பறக்கும் தட்டு நூல்களில் அது இடம்பெற்றது. 2011இல் அதை எடுத்தவரே தொலைக்காட்சியில் தோன்றி, தெர்மாகோல் பலகையை வெட்டி வண்ணம் பூசி, விளக்குகளைப் பொருத்தித் தொங்கவிட்டுப் படமெடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

ஆராய்ந்தவர்கள் திறமையற்றவர்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. படம் ஒட்டப்பட்டதா, நெகட்டிவ் சுரண்டப்பட்டதா என்று அவர்கள் தேடினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதால் அவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. கேமரா தன் முன்னால் இருந்ததை உண்மையாகவே பதிவு செய்திருந்தது. அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கான குறிப்புதான் அதில் இல்லை. மரம், கூரை, மலை, மேகம் எதுவும் இல்லாத வெற்று இருட்டு அது. பறக்கும் தட்டுப் படங்கள் பெரும்பாலானவற்றின் சிக்கல் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

லென்ஸ் செய்யும் வேலை, வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிரின் திசையைப் படத்தில் ஒரு புள்ளியாக மாற்றுவது. ஆகவே படம் அளப்பது கோணத்தை, நீளத்தை அன்று. கைபேசிக் கேமரா ஒன்றின் பார்வைப் பரப்பு அகலவாக்கில் சுமார் 70 பாகை என்றும், படத்தின் அகலம் 4000 பிக்சல் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 57 பிக்சல்கள் கிடைக்கின்றன. அரைப் பாகை அகலமுள்ள முழுநிலா அதில் முப்பது பிக்சலுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த நிலா கைபேசிப் படத்தில் பொட்டாகச் சுருங்கிவிடுவதன் காரணம் இதுவே. இப்போது 5 கிலோமீட்டர் தொலைவில் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு வானூர்தி பறப்பதாகக் கொள்வோம். அது 0.11 பாகை அளவுக்கு, அதாவது ஆறு அல்லது ஏழு பிக்சல்களுக்கு மட்டுமே தெரியும். 150 மீட்டர் தொலைவில் மிதக்கும் 30 சென்டிமீட்டர் பலூனும், 10 மீட்டர் தொலைவில் பறக்கும் 2 சென்டிமீட்டர் பூச்சியும் அதே ஆறேழு பிக்சல்களையே நிரப்பும். மூன்றையும் பிரித்தறிய அந்தப் பிக்சல்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. பெரிதாக்கும் மென்பொருள் இடைவெளிகளை ஊகித்து நிரப்புவதால், விளிம்பு வழவழப்பான நீள்வட்டம் ஒன்று, உலோகத்தால் செய்தது போன்ற தோற்றத்துடன், புதிதாக உருவாவதுதான் மிச்சம்.

பூச்சி அருகில் இருந்தால் மங்கலாகத் தெரியாதா என்று கேட்கலாம். கைபேசி லென்சின் குவியத் தொலைவு சில மில்லிமீட்டர்களே என்பதால், ஒருசில மீட்டர் தொலைவிலிருந்து அடிவானம் வரை எல்லாமே கூர்மையாகப் பதியும். மலையைப் படமெடுக்கும்போது குறுக்கே பறந்த தும்பி, மலையைப் போலவே தெளிவாக விழுந்துவிடும். "எடுக்கும்போது நான் எதையும் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் படத்தில் இது இருந்தது" என்று எடுத்தவர் சொன்னால், அந்த வாக்கியத்தையே முதல் தடயமாகக் கொள்ளலாம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும் ஷட்டருக்குள் பறவையோ பூச்சியோ அகப்பட்டிருக்கும் வாய்ப்பே அதில் அதிகம்.

தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது என்பதைப் போலவே, வேகமும் தெரியாது. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் பதிவு செய்து, 2020 ஏப்ரலில் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்ட 'கோ ஃபாஸ்ட்' என்ற அகச்சிவப்புக் காணொளி. அதில் சிறிய வெண்புள்ளி ஒன்று கடற்பரப்பை ஒட்டி மின்னல் வேகத்தில் பாய்வதுபோலத் தெரிகிறது. நல்வாய்ப்பாக, விமானத்தின் உயரம், வேகம், கேமரா திரும்பியிருந்த கோணம், பொருளின் தூரம் ஆகியவை திரையிலேயே எண்களாகப் பதிவாகியிருந்தன. நாசா அமைத்த ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பள்ளிக்கூட முக்கோணவியலுக்கு மேல் போகாத ஒரு கணக்கைச் செய்து காட்டியது. விமானம் 25,000 அடி உயரத்தில் பறந்தது. புள்ளி இருந்ததோ கடலை ஒட்டி அல்ல, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில். கணக்கிட்ட 22 நொடிகளில் அது நகர்ந்தது சுமார் 390 மீட்டர், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். அந்த உயரத்தில் காற்று வீசும் வேகமே அவ்வளவு இருக்கும். ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும்போது தந்திக் கம்பம் தொலைவிலுள்ள மலையைத் தாண்டி விரைவதாகத் தோன்றுமல்லவா, அந்த இடமாறு தோற்றம்தான் இங்கும் நடந்திருக்கிறது. திரையில் தெரிந்த வேகத்தின் பெரும்பகுதி விமானத்துடையது. அந்த எண்களைத் திரையிலிருந்து வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் கொடுத்திருந்தால், இந்தக் கணக்கை எவராலும் போட்டிருக்க முடியாது.

எண்கள் இல்லாத பழைய படங்களில் தூரத்தைக் கறந்தெடுக்க ஒரு வழி உண்டு, அது காற்று. தொலைவிலுள்ள மலை வெளிறித் தெரிவதற்குக் காரணம், இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடித்து அதன் நிழற்பகுதிகளுக்கு வெளிச்சம் ஏற்றுவதாகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மெக்மின்வில் அருகே 1950 மே மாதம் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற இரு படங்களுக்கு இந்த முறையே பயன்பட்டது. பறக்கும் தட்டுச் செய்திகளை ஆராய்ந்த, கொலராடோ பல்கலைக்கழகத்தின் காண்டன் குழுவுக்காக அவற்றை ஆராய்ந்த வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன், தட்டின் அடிப்பக்க நிழல், அருகிலிருந்த பொருட்களின் நிழலைவிட வெளிறியிருப்பதைக் கண்டு, தட்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்திருக்கலாம் என்று கணித்தார். அப்படியானால் அது கையடக்க மாதிரி அன்று. ஆனால் லென்சில் படிந்த அழுக்கும் இதே வெளிறலை உண்டாக்கும் என்றும், மாலையில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படங்களில் உள்ள நிழல்கள் காலை வெயிலைக் காட்டுகின்றன என்றும், பறக்கும் தட்டுக் கதைகளை ஐயத்தோடு ஆராய்பவரான ராபர்ட் ஷீஃபர் பின்னர் வாதிட்டபோது, ஹார்ட்மன் தன் முடிவிலிருந்து பின்வாங்கினார். சிறிய மாதிரி ஒன்றைத் தொங்கவிட ஏதுவாக, படத்தின் மேற்பகுதியில் மின்கம்பிகள் செல்கின்றன என்பதையும் வாசகர் கவனிக்கலாம். சர்ச்சை முற்றாக ஓயவில்லை என்றாலும், ஒரு நல்ல முறைகூட லென்ஸ் சுத்தமாக இருந்தது என்ற சிறு அனுமானத்தின் மீது நின்றிருந்தது என்பதே இதில் எனக்குச் சுவையானது.

கேமரா தானாகவே உண்டாக்கும் தோற்றங்கள் தனி வகை. படத்தில் விளக்கோ சூரியனோ இருந்து, அதற்கு நேரெதிரே, படத்தின் மையத்தைத் தாண்டி அதே தொலைவில் மர்ம ஒளி ஒன்று இருந்தால், அது லென்சுக்குள் எழுந்த எதிரொளிப்பு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே போதும். குவியம் தவறிய ஒளிப்புள்ளியோ லென்சின் துளை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தை எடுக்கும். 2021இல் பரவிய, இரவுநோக்கிக் கருவி வழியே எடுக்கப்பட்ட 'முக்கோண ஊர்தி' காணொளியைப் பற்றி, அந்த முக்கோணம் கருவியின் ஒளியியலால் வந்தது என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அதிகாரிகள் விளக்கினார்கள்.

கோப்பைப் பரிசோதிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூலக்கோப்பு வேண்டும்; செய்திச் செயலிகள் வழியே வந்த படம் மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், ஷட்டர் வேகம் முதலிய விவரங்களை இழந்திருக்கும். அந்த விவரங்களையும் மாற்றி எழுத முடியும் என்பதால் அவை இருப்பது மட்டுமே சான்றாகாது. ஆனால் படத்திலுள்ள நிழலின் திசையோடு அவை முரண்பட்டால் அது பெரிய தடயம். செயற்கை நுண்ணறிவு படங்களை உருவாக்கும் இந்நாளில், ஒற்றைப் படத்தை மட்டும் உற்றுப்பார்த்து மெய்ப்பிக்க முடியும் என்ற நம்பிக்கை இன்னும் குறைந்திருக்கிறது.

அதைவிடப் பயனுள்ள வேலை, படத்துக்கு வெளியே இருக்கிறது. எடுத்த இடமும் நேரமும் பார்த்த திசையும் கிடைத்துவிட்டால், அன்று அங்கே வெள்ளிக் கோள் எங்கிருந்தது, எந்தச் செயற்கைக்கோள்கள் கடந்தன, எந்த விமானங்கள் பறந்தன என்பதைச் சரிபார்க்கலாம். 2019 மே மாதம் முதல் தொகுதியாக ஏவப்பட்ட 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வரிசையாகச் சென்றபோது, பறக்கும் தட்டு ரயிலைக் கண்டதாகப் பலர் தெரிவித்தார்கள். சிலி நாட்டுக் கடற்படை ஹெலிகாப்டர் 2014இல் எடுத்த அகச்சிவப்புக் காணொளியை அரசுக் குழு ஒன்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆராய்ந்தும் விடை காணவில்லை. 2017 ஜனவரியில் அது வெளியானதும், ஆர்வலர்கள் விமானப் பாதைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அது சாண்டியாகோவிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் என்று சில நாட்களில் காட்டினார்கள். 1997 மார்ச் 13 இரவு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பதிவான ஒளி வரிசை ஒன்றொன்றாக அணைந்த மர்மமும் இப்படித்தான் தீர்ந்தது: இரவுக் காட்சியின் மீது அதே இடத்திலிருந்து எடுத்த பகல் காட்சியை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு விளக்கும் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கும் கணத்தில் அணைந்தது தெரிந்தது. அவை ராணுவ விமானங்கள் போட்ட ஒளிக்குண்டுகள். இரவில் கண்ணுக்குத் தெரியாத அந்த மலை, இங்கே தூரத்தின் அளவுகோலாகப் பயன்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் சில படங்கள் விளங்காமல் எஞ்சும். பறக்கும் தட்டுச் செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க வான்படையின் புளூபுக் திட்டம் 1969இல் முடிந்தபோது, பதிவான 12,618 நிகழ்வுகளில் 701 அடையாளம் காணப்படாதவை என்றே விடப்பட்டன. அடையாளம் காணப்படவில்லை என்பதை வேற்றுக்கிரகத்தது என்று வாசிப்பவர்களும், எல்லாமே பலூன்தான் என்று எரிச்சலோடு ஒதுக்குபவர்களும், இல்லாத தகவலுக்கு ஒரு விடையைத் தாங்களே இட்டு நிரப்புகிறார்கள் என்ற வகையில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

தூரத்தைப் பெற நிச்சயமான வழி, ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு படங்கள். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவர் தங்கள் கைபேசியில் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருளைப் படமெடுத்தால், விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்டு பார்க்கும்போது அதன் இடம் இரு படங்களிலும் ஏறத்தாழ 5.7 பாகை, அதாவது முந்நூறு பிக்சலுக்கும் மேல் விலகியிருக்கும். விண்கற்களை ஆராய்பவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். 1959 ஏப்ரல் 7 அன்று அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் தீக்கோளம் ஒன்று வானைக் கிழித்துச் சென்றபோது, இரண்டு நிலையங்களின் கேமராக்கள் அதைத் தற்செயலாகப் பதிவு செய்தன. அந்தப் படங்களைக் கொண்டு அதன் உயரம், வேகம், வந்த பாதை, விழுந்த இடம் எல்லாம் கணக்கிடப்பட்டன. பிரிப்ராம் என்ற ஊரின் அருகே கற்களும் கிடைத்தன. அவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்து வந்தவை என்பதும் தெரிந்தது.