புட் விலை அதிகம் என்று யார் சொன்னது?

போன வாரம் மறுபடி அதே மாதிரி ஒரு மெயில். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப்போகிறது என்று செய்தி வந்த பிறகு விற்கப்படும் கம்பெனியின் புட்களை (பங்கை ஒரு குறித்த விலைக்கு விற்கும் உரிமை; பங்கு விழுந்தால் அந்த உரிமையை விற்றவர்தான் பணம் தர வேண்டும்) வரிசையாக விற்றிருக்கிறார். "வாலட்டிலிட்டி 100-க்கு மேல காட்டுச்சு அண்ணா, பிரீமியம் சும்மா கிடைக்குதேன்னு வித்தேன்" என்கிறார். வாலட்டிலிட்டி என்பது பங்கு விலை எவ்வளவு ஆடும் என்று காட்டும் எண், பிரீமியம் என்பது புட் விற்றால் கையில் வரும் பணம். டீல் முறிந்தது, சேமிப்பும் போனது. ஆப்ஷன்களுக்கு (புட், கால் போன்ற உரிமைகள்) பிட் (வாங்கும் விலை), ஆஸ்க் (விற்கும் விலை) சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்த மெயிலை இனி ஒருவர்கூட எனக்கு எழுதக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டீலில் இருக்கும் பங்குக்கு, திரையில் தெரியும் வாலட்டிலிட்டி எண்ணை வைத்து மலிவு, விலை அதிகம் என்று முடிவு செய்யாதீர்கள். விலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்று நினைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. டீல் பங்கு அப்படி நகராது, அதற்குப் போக இரண்டே இடம்தான்: டீல் விலை, இல்லையென்றால் டீல் முறிந்தால் விழும் விலை.

ட்விட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் பங்குக்கு 54.20 டாலர் என்று ஈலோன் மஸ்க் ஒப்பந்தம் போட்டார். ஜூலை 8-ல் விலகுகிறேன் என்றார். டெலவேர் நீதிமன்றத்தில் வழக்கு, அக்டோபர் 17-ல் விசாரணை என்று ஆனது. நடுவில் பங்கு பெரும்பாலும் 40 டாலரைச் சுற்றியே கிடந்தது. 40 டாலர்தான் சரியான விலை என்று யாரும் நம்பியதால் அல்ல, 54.20-க்கும் டீல் முறிந்தால் விழப்போகும் ஏதோ ஒரு விலைக்கும் நடுவே சந்தை போட்ட சராசரி அது.

முறிந்தால் 25 என்று வைப்போம் (இது என் ஊகம், எங்கள் மேஜைகளில் பெரிய சண்டையே இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் நடக்கும்). பங்கு 42-ல் இருந்தால், 25-க்கும் 54.20-க்கும் நடுவே உள்ள 29.20-ல் அது 17 ஏறி நிற்கிறது, ஆக டீல் முடிய 58 சதவீதம் வாய்ப்பு, முறிய 42 சதவீதம். 35 ஸ்ட்ரைக் புட் (35 டாலருக்கு விற்கும் உரிமை), முறிந்தால் 10 டாலர் பெறும், முடிந்தால் ஒன்றும் பெறாது. ஆக அதன் விலை சுமார் 4.20. மார்க்கெட் மேக்கர் (என்னைப் போல இரண்டு பக்கமும் விலை சொல்பவர்) 3.80-க்கு வாங்கி 4.70-க்கு விற்கிறேன் என்பார். இதில் சும்மா கிடைக்கும் பணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அதே கணக்கில் 50 ஸ்ட்ரைக் கால் (50 டாலருக்கு வாங்கும் உரிமை) 2.40 பக்கம் வரும். 60 ஸ்ட்ரைக் கால், யாராவது கூடுதல் விலை தருகிறேன் என்று வந்தால் ஒழிய, வெறும் காகிதம். டீல் ரொக்கமாக முடிந்துவிட்டால் அதில் எத்தனை மாதம் மிச்சம் இருந்தாலும் பயன் இல்லை.

பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடைவெளி இவ்வளவு அகலமா, கொள்ளையடிக்கிறார்கள் என்று திட்டுகிறீர்கள். அக்டோபர் 4 அன்று, சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று மஸ்க் தரப்பு இறங்கி வந்த செய்தி வர்த்தக நேரத்திலேயே வந்தது. வர்த்தகத்தை நிறுத்தினார்கள், அன்றைக்குப் பங்கு 22 சதவீதம் ஏறி 52-ல் முடிந்தது. அந்தத் தாவலின் நடுவில் ஹெட்ஜ் செய்ய (நஷ்டத்தை ஈடுகட்டப் பங்கை வாங்கவோ விற்கவோ) எந்த விலையும் கிடைக்காது. அந்தப் பயத்துக்கான கூலிதான் அந்த இடைவெளி. விசாரணை 17-ம் தேதிதானே, 7-ம் தேதி காலாவதியாகும் கால்களை விற்றால் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டவர்களும் அன்றுதான் மாட்டினார்கள்.

எதிர்ப்பக்கமும் பார்த்தாயிற்று. 2024 ஜனவரி 16-ல் ஜெட்ப்ளூ, ஸ்பிரிட் என்ற இரண்டு விமான நிறுவனங்களின் இணைப்புக்கு பாஸ்டன் நீதிமன்றம் தடை போட்டது. ஸ்பிரிட் பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட பாதியானது.

தயவுசெய்து மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு முடி என்பது) போடாதீர்கள், லிமிட் (இந்த விலைக்கு மட்டும் என்பது) மட்டும்தான். ஸ்டாப் லாஸ் (விலை ஒரு எல்லையைத் தொட்டால் தானாக வெளியேறும் ஆர்டர்) இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள், 42-லிருந்து 25-க்குத் தாவும் பங்கு உங்கள் 38-ல் நின்று காத்திருக்காது. விற்றே ஆக வேண்டும் என்றால் அதைவிடக் கீழ் ஸ்ட்ரைக்கில் இன்னொரு புட்டை வாங்கி வைத்துக்கொண்டு விற்றுத் தொலையுங்கள். ஆர்டரை அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: 35 புட் பத்து கான்ட்ராக்ட் (ஒன்றுக்கு 100 பங்கு), 4.20-க்கு விற்றது, பங்கு 25-க்குப் போனால் நஷ்டம் 5,800 டாலர், 20-க்குப் போனால் 10,800. அந்தத் தாளை வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ காட்டிவிட்டு அப்புறம் விற்கலாமா என்று யோசியுங்கள்.