வேலை செய்யாமல் போய்வரும் கரண்ட்

மேலூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் 3 ஃபேஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வரும் வயரில், வயரைக் கவ்வியே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினோம்: 15 ஆம்பியர். 415 வோல்ட், 15 ஆம்பியர், 3 ஃபேஸுக்கான 1.732 (மூன்றின் வர்க்கமூலம்) மூன்றையும் பெருக்கினால் சுமார் 10.8 கிலோவோல்ட்-ஆம்பியர். வயர் சுமப்பது இவ்வளவு. மோட்டார் உண்மையில் எடுத்துக்கொண்டதோ 7.5 கிலோவாட். 7.5-ஐ 10.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.7 வருகிறதே, அதுதான் பவர் ஃபேக்டர்: வயர் சுமப்பதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு.

இஸ்திரிப்பெட்டியில் இப்படி வேலைக்கு ஆகாத மிச்சம் இல்லை. வோல்டேஜ் ஏறும்போதே கரண்டும் ஏறும், இறங்கும்போது இறங்கும். பவர் ஃபேக்டர் 1. மோட்டார் அப்படியில்லை. அதன் காயிலில் காந்தப்புலம் உருவானால்தான் அது சுற்றும். கரண்ட் சட்டென்று மாற காயில் விடாது. அதனால் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பிந்தியே வரும். பிந்துகிற அந்த நேரத்தில் வோல்டேஜ் ஒரு திசை, கரண்ட் எதிர்த்திசை. காந்தப்புலத்துக்காக வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கு லைனுக்கே திரும்பிப் போகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது ஒவ்வொரு ஃபேஸிலும் நொடிக்கு 100 தடவை நடக்கிறது.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருப்பரங்குன்றம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களால் ஒரு வேலையும் ஆகவில்லை, ஆனால் சீட் அடைபட்டுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரும் வயரும் அந்தக் கூட்டத்தையும் சுமந்துதான் ஆக வேண்டும். வயர் சூடாவதும் மொத்த கரண்டைப் பொறுத்ததே. அதுவும் கரண்டின் வர்க்கத்தில் ஏறும்!

சரி, இதற்கு என்ன வழி? மோட்டார் பக்கத்திலேயே கெப்பாசிட்டர், அதாவது மின்சார்ஜைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும் கருவி. காயில் ஆற்றலைத் திருப்பித் தரும் நேரத்தில் கெப்பாசிட்டர் அதை வாங்கி வைக்கும். காயில் கேட்கும்போது கொடுக்கும். போக்குவரத்து அந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இந்த மில்லுக்குச் சுமார் 5 கே.வி.ஏ.ஆர். (போய்த் திரும்பும் பவரை அளக்கும் அலகு) கெப்பாசிட்டர் போதும், பவர் ஃபேக்டர் 0.95-க்கு வந்துவிடும். அளவுக்கு மீறிப் போட்டால் கரண்ட் வோல்டேஜை முந்த ஆரம்பித்து, அதுவே வேறு தொல்லை. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், கை வைக்கக் கூடாது.

வீட்டு பிளக்கில் மாட்டினால் பில் குறையும் என்று விற்கிற பெட்டிகளை நம்பாதீர்கள். வீட்டு மீட்டரில் நாம் பணம் கட்டுவது யூனிட்டுக்கு, அதாவது கிலோவாட்-மணிக்கு. போய்த் திரும்பும் ஆற்றல் அந்தக் கணக்கில் ஏறாது. பவர் ஃபேக்டர் குறைந்தால் அபராதம் கட்ட வேண்டிய தொழிற்சாலைகளின் கதைதான் வேறு.

மில்லில் கெப்பாசிட்டரை ஆன் செய்ததும் கிளாம்ப் மீட்டர் 11 ஆம்பியருக்கு இறங்கியது. வயரில் சூடாக வீணாவது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. மோட்டார் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் மீட்டரைக் கழற்றி, கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் வயரில் மாட்டிப் பார்த்தோம். அங்கே அதே பழைய 15 ஆம்பியர்.