மொன்சூன் எண்டா மழை இல்ல, காற்று

மே மாசக் கடைசியில டிவியைப் போட்டா கீழ ஒரு வரி ஓடும், "தென்மேற்குப் பருவமழை தொடங்கியது" எண்டு. ஒவ்வொரு வருசமும் ஓடும். அதே நேரம் இங்க கிழக்குக் கரையில, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில, கச்சான் எண்ட தென்மேல் காற்று முகத்தில அனலா அடிக்குது, கிணத்துத் தண்ணி கீழ போகுது, வெள்ளைக்காரங்க கடற்கரையில படுத்து வெயில் காயிறாங்க. எங்கட பெரியம்மா அந்த வரியை வாசிச்சிட்டு "எங்கயடா மழை?" எண்டு கேட்டா. கேள்வி சரி, சொல்தான் பிழை.

மொன்சூன் எண்ட சொல் அரபியில 'மௌசிம்', குறிச்ச காலம், பருவம் எண்டு அர்த்தம். போர்த்துக்கீசர் வாயில விழுந்து உருமாறி ஆங்கிலத்துக்குப் போச்சு, சொல்லின்ர கதை அவ்வளவுதான். ஆனா அதைப் புழங்கினது ஆர்? பாய்க்கப்பல்காரன். அவனுக்கு வேண்டியது காற்று எந்தத் திசையால எப்ப அடிக்கும் எண்டது. அரைவருசம் தென்மேற்கால, பிறகு திரும்பி வடகிழக்கால. எங்கட துறைமுகத்துக்கு ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் அடிபட்டதும் இந்தக் காற்றாலதான், வடகீழ்க் காற்று அடிக்கிற மாசங்களில சோழமண்டலக் கரையில பெரிய கப்பல் ஒதுங்க இடமில்ல, திருகோணமலையில இருந்திச்சு.

அப்ப தமிழில பருவக்காற்று. இலங்கையில வானிலை அறிக்கையில வாற 'பருவப்பெயர்ச்சி'யும் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் நீளம், ஆனா காற்று திசை பெயருது எண்ட விசயம் சொல்லுக்குள்ளயே இருக்கு. இப்ப இந்தியச் செய்தியைப் பாத்து இங்க உள்ளவங்களும் எல்லாத்துக்கும் பருவமழை எண்டு எழுதத் தொடங்கிட்டாங்க. கேரளாவில ஜூன் தொடக்கத்தில காற்றும் மழையும் ஒண்டா வருது, அவங்களுக்குப் பிரச்சினை இல்ல. எங்களுக்கு அதே காற்று மலைநாட்டின்ர மேற்குச் சரிவில, வட்டவளைப் பக்கம், தண்ணியை எல்லாம் கொட்டிட்டு இந்தப் பக்கம் காய்ஞ்சு சூடா இறங்குது. பழைய தமிழில மேல்காற்றுக்குப் பேரே கோடை! வடக்கால வாறது வாடை, கிழக்கால வாறது கொண்டல், இப்பிடி திசைக்கொரு பேர் வச்ச பாசையில காற்றுக்கு மழை எண்டு பேர் வைக்கிறது என்ன கெட்டித்தனம்? (கச்சான் எண்டா கடலையும்தான், அதை விடுங்க.)

இன்னொண்டு, ஒக்டோபர் மழையை 'வடகிழக்குப் பருவமழை' எண்டுறது. அது தமிழ்நாட்டுக் கணக்கு. எங்கட கணக்கில ஒக்டோபர், நவம்பர் ரெண்டு பருவக்காற்றுக்கும் நடுவில வாற இரண்டாம் இடைப்பருவம், வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பரிலதான் தொடங்கும். இடைப்பருவத்தில இடியோட வாற மழையும் வங்கக்கடல் தாழமுக்கமும் வேற சங்கதி, அதையும் இதையும் ஒரு பேரில போட்டுக் குழைக்கக் கூடாது.

சும்மா சொல்லுக்காகச் சண்டை பிடிக்கிறன் எண்டு நினைக்காதேங்க. "எல் நினோவால பருவமழை குறையும்" எண்டு ஒரு மொழிபெயர்ப்பு வரும் (எல் நினோ எண்டா பசிபிக் சமுத்திரத்தின்ர நடு, கிழக்குப் பக்கம் வழக்கத்தை விடச் சூடாகிறது). இந்தியாவின்ர தென்மேற்கு மழைக்கு அது பெரும்பாலும் சரி. ஆனா எல் நினோ வருசங்களில எங்கட ஒக்டோபர்-டிசம்பர் மழை கூடுறதுதான் வழக்கம், மேற்கு இந்து சமுத்திரம் சூடாகி கிழக்குப் பக்கம் குளிர்ந்தாலும் அப்பிடித்தான். கந்தளாயில பெரும்போக நெல் விதைக்கக் காத்திருக்கிறவர் அந்த ஒரு வரியை நம்பினா என்ன முடிவெடுப்பார்? எந்தக் காற்று, எந்த மாசம் எண்டு பேர் சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே வராது.

பல வருசக் கணக்கில மழை கூடிக் குறையிறதும் இதே கதைதான். நிலம் கடலை விடச் சூடானாத்தான் தென்மேல் காற்று இழுபடும். இந்து சமுத்திரம் சூடாகிக்கொண்டு வருது, அதோட வட இந்தியாவுக்கு மேல நிக்கிற புகைத்துகள் வெயிலைத் தடுத்து நிலத்தைக் குளிர வைக்குது, ரெண்டும் சேர்ந்தா வித்தியாசம் குறையும், காற்று சோரும். 20ஆம் நூற்றாண்டின்ர பின்பாதியில தெற்காசியாவில கோடைகால மழை குறைஞ்சதுக்கு இந்தப் புகைத்துகள்தான் முக்கிய காரணம் எண்டு ஐநாவின்ர காலநிலைக் குழு 2021 அறிக்கையில சொல்லுது. மறுபக்கம், ஒரு பாகை சூடு கூடினா காற்று ஏறக்குறைய 7 வீதம் கூட நீராவி பிடிக்கும், அதால பெய்யிற நேரம் கொட்டித் தள்ளும். ஒண்டு காற்றைச் சோர வைக்குது, மற்றது தண்ணியைக் கூட்டுது. பேரிலேயே மழையை ஒட்டி வச்சிட்டு "பருவமழை பலவீனம், ஆனா மழை அதிகம்" எண்டு எழுதினா வாசிக்கிறவன் சிரிக்கமாட்டானா? "பருவக்காற்று சோர்ந்திட்டு, ஆனா பெய்யிற மழை பலமா பெய்யுது" எண்டு எழுதிப் பாருங்க, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இதில 'கிளைமேட் சேஞ்ச்'சுக்கு 'பருவநிலை மாற்றம்' எண்டு வேற ஒண்டு எழுதுறாங்க. பருவம் மாறுறது வருசா வருசம் நடக்கிறதுதானே, வாடை போய் கச்சான் வாறதும் பருவநிலை மாற்றம்தான்! காலநிலை எண்ட நல்ல சொல்லை நாங்க பள்ளிக்கூடத்திலயே படிச்சம், அதை ஏன் விட்டுக் குடுக்கோணும்? மொழிபெயர்க்கிறவங்க அகராதியைத் திறக்க முதல் ஒருக்கா யன்னலைத் திறந்து பாக்கலாம். பெரியம்மாவுக்கு நான் "பருவக்காற்று தொடங்கிட்டு எண்டுதான் சொல்ல வாறாங்க" எண்டன். "கச்சான் வந்து ரெண்டு கிழமையாச்சே, அதுக்கு டிவி வேணுமா?" எண்டிட்டு உள்ள போயிட்டா.